எபிசோட் 38: சைக்கிள் ஓட்டத் தெரியாமல் உலகம் சுற்றக் கிளம்பிய அம்மா

இன்னிக்கு நாம பார்க்கப் போற கதை ஒரு பொய்யில ஆரம்பிக்குது. அந்தப் பொய்யைச் சொன்னவங்க மூணு குழந்தைக்கு அம்மா. அந்தப் பொய் இல்லைன்னா அவங்க பேர் நமக்குத் தெரிஞ்சிருக்காது, அதனால அதை அவசரப்பட்டுத் திட்ட வேண்டாம். முதல்ல காட்சியைப் பார்ப்போம்.

1894ஆம் வருடம், ஜூன் மாதக் கடைசி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் மாநில அரசு மாளிகையின் வாசலில் சுமார் 500 பேர் கூடியிருக்கிறார்கள். நடுவில் ஓர் இளம்பெண். வயது 24 இருக்கும். தரையைத் தொடும் பாவாடை, கழுத்து வரை மூடிய சட்டை. 45 கிலோ தேறுமா என்று சந்தேகப்பட வைக்கும் உடம்பு. பக்கத்தில் 19 கிலோ எடையுள்ள கொலம்பியா சைக்கிள்.

அந்தப் பெண் கூட்டத்தைப் பார்த்து ஒரு பந்தயத்தைப் பற்றிச் சொல்கிறார். பாஸ்டனின் இரண்டு பெரும் பணக்காரர்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டியிருக்கிறார்களாம். ஒரு பெண்ணால் சைக்கிளில் உலகத்தைச் சுற்றி வர முடியுமா, முடியாதா? கெடு 15 மாதம். வழியில் சொந்த உழைப்பில் 5,000 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். ஜெயித்தால் 10,000 டாலர் பரிசு.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வருகிறார். நியூ ஹாம்ப்ஷயரில் ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கும் 'லண்டன்டெரி லித்தியா' கம்பெனியின் ஆள். 100 டாலரைக் கையில் கொடுத்து, கம்பெனி பெயர் எழுதிய பலகையை அவர் சைக்கிளில் மாட்டுகிறார். பலகை மட்டும் இல்லை, பயணம் முழுக்க அந்தப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொள்வது என்று ஒப்பந்தம். அந்தக் காலத்தில் ஒரு நல்ல சைக்கிளின் விலையே கிட்டத்தட்ட 100 டாலர்தான்.

ஆக, வாசலுக்கு வந்தபோது அவர் அன்னி கொப்சோவ்ஸ்கி. கிளம்பும்போது அன்னி லண்டன்டெரி. மாற்று உடுப்பு ஒன்று, முத்துப் பிடி வைத்த ஒரு கைத்துப்பாக்கி. வேறு மூட்டை முடிச்சு எதுவும் இல்லை.

இதுல ஒரு சின்ன விஷயம் சொல்லாம விட்டுட்டேன். சில நாள் முன்னாடி வரைக்கும் அவங்களுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. ரெண்டு மூணு தடவை பழகினதோட சரி.

பதினாறு பதினேழு வயதிலேயே அம்மா

அன்னி பிறந்தது ரிகா பக்கம். இன்றைய லாட்வியா, அப்போது ரஷ்யப் பேரரசின் பகுதி. பிறப்புப் பெயர் அன்னி கோஹன். (நம்ம அன்னி பெசன்ட் அம்மையாரின் அதே 'அன்னி'தான்.) யூதக் குடும்பம். 1875இல் அப்பா அம்மாவோடு பாஸ்டன் வந்து சேர்ந்தபோது அவருக்கு நான்கு அல்லது ஐந்து வயது. குடியேறியது வெஸ்ட் எண்ட் பகுதியில், ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பில்.

1887 ஜனவரியில் அப்பா இறந்தார். இரண்டு மாதத்தில் அம்மாவும் போய்விட்டார். அக்கா ஏற்கெனவே கல்யாணமாகி வேறு ஊரில். வீட்டில் மிச்சம் இருந்தது அண்ணன் பென்னெட், அன்னி, ஒரு தம்பி, ஒரு தங்கை. அப்போது அன்னிக்கு வயது 16, 17. ஒரே இரவில் அவர் இரண்டு சிறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பும் ஆளாகிவிட்டார்.

அடுத்த வருடம், 1888இல், மேக்ஸ் கொப்சோவ்ஸ்கியோடு கல்யாணம். மேக்ஸ் தெருத் தெருவாகப் பொருள் விற்று வந்தவர். ரொம்ப ஆசாரமான யூதர், பெரும்பொழுது தோரா படிப்பதிலும் பிரார்த்தனையிலும் போகும். அடுத்த நான்கு வருடத்தில் மூன்று குழந்தைகள்: மோலி, லிபி, சைமன்.

இந்தக் கணக்கை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவர் 'அம்மா' வேலையைத் தொடங்கியது கல்யாணத்துக்குப் பிறகு இல்லை. பெற்றோர் செத்த அன்றே தொடங்கிவிட்டது. 24 வயதில் அவருக்கு அந்த வேலையில் ஏழு வருட அனுபவம். பிற்காலத்தில் எழுதிய ஒரு கட்டுரையில் தனக்கு இதைத் தாண்டி வேறு வாழ்க்கை வேண்டும் என்று தோன்றியதை அவர் மறைக்கவில்லை. வருடத்துக்கு ஒரு குழந்தையைச் சுமந்துகொண்டு வீட்டிலேயே கிடக்க மனசில்லை என்ற அர்த்தத்தில் சொல்கிறார்.

வீட்டுக்குள்ள மட்டுமே இருந்தவங்களும் இல்ல. பாஸ்டன் பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடிச்சுக் கொடுக்கிற வேலை பார்த்தாங்க. வெத்து இடத்தை எப்படி காசாக்குறதுன்னு கத்துக்கிட்டது அங்கதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பந்தயம் கட்டியது யார்?

இப்போ அந்தப் பொய்க்கு வருவோம். பந்தயம் கட்டிய இரண்டு பணக்காரர்களின் பெயர் என்ன? தெரியாது. அன்றைக்கு அவர் சொல்லவில்லை. பதினைந்து மாதம், எத்தனையோ ஊர், எத்தனையோ பேட்டி. எங்கேயும் அந்தப் பெயர்கள் வரவில்லை. பந்தயத்தின் நிபந்தனைகளும் ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே இருந்தன. அன்னியின் அண்ணன் பென்னெட்டின் வழிவந்த பீட்டர் ஸுட்லின் என்ற எழுத்தாளர் பல வருடம் தேடி 2007இல் ஒரு புத்தகம் எழுதினார். பந்தயம் என்ற ஒன்றே இருந்திருக்காது, அன்னியே கட்டிய கதையாக இருக்கலாம் என்பதுதான் அவருக்கும் தோன்றியது.

ஏன் கட்டணும்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. "எனக்கு உலகம் பார்க்கணும்னு ஆசையா இருக்கு, மூணு குழந்தையை வீட்ல விட்டுட்டுக் கிளம்புறேன்"னு ஒரு பெண் 1894ல சொன்னா யாராவது காசு கொடுப்பாங்களா? வாசல்ல 500 பேர் வருவாங்களா? ஆனா "ஒரு பெண்ணால முடியாதுன்னு ரெண்டு ஆம்பளைங்க பந்தயம் கட்டியிருக்காங்க"ன்னு சொன்னா ஊரே ரெண்டு கட்சியா பிரியும். பத்திரிகைக்குச் செய்தி கிடைக்கும். விளம்பரம் கொடுக்கிற கம்பெனிக்குக் கூட்டம் கிடைக்கும்.

காலமும் அதற்குத் தோதாக இருந்தது. 1890களில் அமெரிக்கா முழுக்க சைக்கிள் பைத்தியம். பெண்களும் ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பயந்தவர்களும் நிறைய. அதிகம் ஓட்டினால் பெண்களுக்கு முகமே கோணிப்போய் 'சைக்கிள் முகம்' வந்துவிடும் என்று டாக்டர்கள் எச்சரித்த காலம். நீளப் பாவாடையா, கால்சட்டை மாதிரி தைத்த புளூமரா என்று பத்திரிகைகளில் சண்டை நடந்த காலம். அதற்குப் பத்து வருடம் முன்பே தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் சைக்கிளில் உலகம் சுற்றியிருந்தார், 1884 முதல் 1886 வரை. 1889-90இல் நெல்லி பிளை என்ற பெண் பத்திரிகையாளர் கப்பலிலும் ரயிலிலும் 72 நாளில் உலகைச் சுற்றி வந்து நாடறிந்தவர் ஆகியிருந்தார். அன்னி இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார்.

சிகாகோவில் ஒரு முடிவு

பாஸ்டனிலிருந்து நியூயார்க், அங்கிருந்து சிகாகோ. செப்டம்பர் 24ஆம் தேதி சிகாகோ போய்ச் சேரும்போது உடம்பில் 9 கிலோ குறைந்திருந்தது. மூன்று மாதம் ஆகிவிட்டது. மேற்கே ராக்கி மலைகளில் பனி விழப் போகிறது. 19 கிலோ சைக்கிளையும் நனைந்த பாவாடையையும் வைத்துக்கொண்டு அதைத் தாண்ட முடியாது. இத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்று அவரே யோசித்த இடம் இதுதான்.

அவர் இரண்டு விஷயங்களை மாற்றினார். சைக்கிளையும் உடையையும். ஸ்டெர்லிங் கம்பெனியின் ஆண்கள் சைக்கிள், பழையதில் பாதி எடை, பத்துக் கிலோவுக்கும் கீழே. பாவாடைக்குப் பதில் முதலில் புளூமர், பிறகு ஆண்கள் அணியும் சைக்கிள் உடை. திசையையும் திருப்பினார். மேற்கே போக முடியாதென்றால் கிழக்கே போவோம் என்று வந்த வழியே நியூயார்க் திரும்பி, நவம்பர் 24இல் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார்.

பணம்? அங்கதான் அந்த விளம்பர மூளை வேலை செய்யுது. ஊருக்கு ஊர் கடைகளுக்கு விளம்பரம் பிடிச்சாங்க. சைக்கிள்ல பலகை, சட்டையில ரிப்பன்னு உடம்பையே விளம்பரப் பலகை ஆக்கினாங்க. கையெழுத்துப் போட்ட தன்னோட போட்டோவை வித்தாங்க. மேடை ஏறிப் பயணக் கதை சொல்லி டிக்கெட் காசு வாங்கினாங்க. இன்னிக்கு இன்ஃப்ளுயன்சர்னு சொல்றோமே, ஸ்பான்சர், மெர்ச்சண்டைஸ், லைவ் ஷோ, அத்தனையும் 130 வருஷம் முன்னாடி ஒரு சைக்கிள் மேல நடந்திருக்கு.

பிரான்சில் இறங்கியதும் சுங்க அதிகாரிகள் சைக்கிளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பணம் திருடு போனது. ஆண் உடையில் வந்த இவரைப் பார்த்துச் சில பத்திரிகைகள் இவர் பெண்ணே இல்லை என்கிற ரீதியில் கேவலமாக எழுதின. ஆனாலும் பாரிஸில் கூட்டம் கூடியது.

நான் படிக்கும்போது ஒரு நிமிடம் நிறுத்திய இடம் இது. அன்னி பாரிஸில் இருந்த அதே 1894 டிசம்பரில், அதே நகரில், ஆல்ஃபிரட் டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரி மேல் தேசத்துரோக வழக்கு நடந்தது. செய்யாத குற்றத்துக்கு டிசம்பர் 22இல் அவருக்கு ஆயுள் தண்டனை. அவர் யூதர் என்பது அந்த வெறுப்புக்கு எண்ணெய் ஊற்றியது. அந்த ஊரில், அந்த வாரத்தில், ஒரு யூதப் பெண் 'மிஸ் லண்டன்டெரி' என்ற பெயரில் கைத்தட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் கொப்சோவ்ஸ்கியாக வந்திருந்தால்? அந்தப் பெயரை 100 டாலருக்காக வாங்கினார் என்று நாம் சிரிக்கிறோம். அது அவருக்குக் கவசமாகவும் இருந்திருக்கிறது.

48 நாள் கணக்கு

கடுங்குளிரில் பாரிஸை விட்டுக் கிளம்பி, 1895 ஜனவரி 13இல் மார்செய் துறைமுகத்துக்கு வந்தார். ஒரு காலில் கட்டு. அந்தக் காலைத் தூக்கி ஹேண்டில்பார் மேல் வைத்துக்கொண்டு, மற்றதால் மிதித்துக்கொண்டு வந்தாராம். ஊரே திரண்டு வரவேற்றது. ஜனவரி 20இல் 'சிட்னி' என்ற கப்பலில் ஏறினார்.

இனிமேல் வரும் கதைகள் சூப்பர் ரகம். இந்தியாவில் ஜெர்மன் அரச குடும்பத்தாரோடு சேர்ந்து புலி வேட்டை. சீன-ஜப்பான் போர்முனையில் தோளில் குண்டடி. ஜப்பானியச் சிறையில் அடைப்பு. அமெரிக்கா திரும்பியதும் மேடை மேடையாக இவற்றைச் சொன்னார்.

நான் சாஃப்ட்வேர் ஆளு. வேலையில ஒரு பிரச்சினை வந்தா யார் என்ன சொல்றாங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி லாகைத் திறந்து எந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். அதையே இங்கேயும் பண்ணலாம்.

மார்செய்யில் ஏறியது ஜனவரி 20. ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பல் ஏறியது மார்ச் 9. நடுவில் 48 நாள். அந்தக் காலத்துக் கப்பலில் இந்த வழியைக் கடக்கவே ஐந்தாறு வாரம் பிடிக்கும். கப்பல் சூயஸ் கால்வாய், ஏடன், கொழும்பு, சிங்கப்பூர், சைகோன் என்று துறைமுகம் துறைமுகமாக நின்று போனது. ஆக, நிற்கிற ஊரில் இறங்கி, சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்களைப் பார்த்துவிட்டு மறுபடி கப்பல் ஏறத்தான் நேரம் இருந்திருக்கும். இந்தியாவுக்குள் போய்ப் புலி சுடுவதற்கு நேரமே இல்லை. நம்ம பக்கத்துக்கு அவர் வந்த மிகக் கிட்டத்து இடம் கொழும்புத் துறைமுகம். நம்ம ஊரைப் பார்க்கவே இல்ல, ஆனா நம்ம ஊர்ப் புலியை மட்டும் சுட்டுட்டாங்க!

போர்க் கதை எனக்குச் சிரிப்பாக இல்லை. அந்தப் போரில் போர்ட் ஆர்தர் என்ற ஊரில், 1894 நவம்பரில், ஜப்பானியப் படைகள் சீனப் பொதுமக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன. அது உலகப் பத்திரிகைகளில் வந்த செய்தி. அடுத்தவர் சாவைத் தன் சாகசமாக ஆக்கிக்கொண்டது, என்னைக் கேட்டால், பந்தயப் பொய்யைவிட மோசமானது. எனக்கு அவங்களைப் பிடிக்கும்கிறதுக்காக இதை மூடி வைக்க முடியாது.

அவர் தன்னைப் பற்றிச் சொன்ன மற்ற கதைகளும் உண்டு. ஓர் ஊரில் அநாதை, இன்னோர் ஊரில் பணக்கார வாரிசு, வேறோர் ஊரில் வக்கீல், மற்றோர் இடத்தில் ஹார்வர்டில் மருத்துவம் படிக்கும் மாணவி. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி பெண்களை முதன்முதலில் சேர்த்துக்கொண்டது 1945இல்! அதை அச்சடித்த எந்தப் பத்திரிகையும் சரிபார்க்கவில்லை.

ஆனா லாகுல உண்மையும் இருக்கு. மார்ச் 23இல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, கலிபோர்னியா வழியாக லாஸ் ஏஞ்சல்ஸ், அரிசோனாப் பாலைவனம், நியூ மெக்சிகோ, டெக்சாஸின் எல் பாசோ, அங்கிருந்து வடக்கே டென்வர் என்று அவர் போனது ஊர் ஊராகப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கிறது. பாலைவனத்தில் ரயில் பாதையை ஒட்டியே போனார். நடு நடுவே ரயில் ஏறிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. நெப்ராஸ்காவில் சாலையெல்லாம் சேறு, அங்கே ரயிலில்தான் போனார். "இவர் சைக்கிளில் உலகம் சுற்றவில்லை, சைக்கிளோடு உலகம் சுற்றினார்" என்று கிண்டல் செய்தவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐயோவா மாநிலத்தில் பன்றிக் கூட்டம் ஒன்றில் மோதி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது உண்மை. முறிந்த கையில் கட்டுப் போட்டுக்கொண்டு 1895 செப்டம்பர் 12இல் சிகாகோ வந்து சேர்ந்ததும் உண்மை. சுற்று முடிந்தது. 24ஆம் தேதி பாஸ்டன் வீட்டில்.

அக்டோபரில் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகை அவர் கதையைப் பெரிதாக வெளியிட்டது. எழுதியவர் பெயர் 'நெல்லி பிளை ஜூனியர்' என்று இருந்தது. எழுதியவர் அன்னியேதான். ஓர் ஆணால் முடிந்தது எதுவும் தன்னால் முடியும் என்று நம்புகிறவள் நான் என்று அதில் அறிவித்தார்.

சரி, குழந்தைகள்?

இந்தக் கேள்வி உங்களுக்கு எப்பவோ வந்திருக்கும். எனக்கும் வந்துச்சு. வந்ததும் கொஞ்சம் வெக்கமாவும் இருந்துச்சு, ஏன்னு சொல்றேன்.

எங்க டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க. அவங்களுக்கு ஆறு மாச ஆன்சைட் வாய்ப்பு வந்தப்போ பையனுக்கு மூணு வயசு. ஆபீஸ்ல, கேன்டீன்ல, எல்லாரும் ஒரே கேள்விதான்: "குழந்தையை யார் பாத்துப்பா?" நானும் கேட்டேன். அக்கறையாதான் கேட்டேன்னு நெனச்சேன். அதே வருஷம் குழந்தை பிறந்து ரெண்டே மாசத்துல ஒரு அண்ணன் ஆன்சைட் போனாரு. அவரை யாரும் கேக்கல. நாங்க ட்ரீட் கேட்டோம்.

அதனால தாமஸ் ஸ்டீவன்ஸைக் கேக்காத கேள்வியை அன்னிக்கிட்ட மட்டும் கேக்கறது சரியான்னு எனக்குள்ளேயே ஒரு சண்டை. ஆனா கேக்காம விட்டா இன்னொரு தப்பு நடக்குது. அந்த மூணு குழந்தைங்க கதையிலிருந்தே காணாம போயிடுறாங்க. அன்னி தன் பேட்டிகள்ல பெரும்பாலும் அதைத்தான் செஞ்சாங்க. நாமும் அதையே செய்யக் கூடாது.

எனவே, தெரிந்ததைச் சொல்கிறேன். அவர் கிளம்பும்போது மூத்தவள் மோலிக்கே ஐந்தாறு வயதுதான். மேக்ஸும், அதே தெருவில் குடியிருந்த அண்ணன் பென்னெட்டின் குடும்பமும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். மேக்ஸைப் பற்றிப் பத்திரிகைகளில் பெரிதாக எதுவும் இல்லை. 1894இல், ஆசாரமான ஒரு யூதர், மனைவி கால்சட்டை போட்டு உலகம் சுற்ற, மூன்று பிள்ளைகளோடு பதினைந்து மாதம் வீட்டில் இருந்தார். திரும்பி வந்தவரோடு கடைசி வரை குடும்பமும் நடத்தினார். அவருக்கு யாரும் சிலை வைக்கவில்லை. அந்தப் பயணத்தில் அவர் பங்கும் இருக்கிறது.

குடும்பம் நியூயார்க்குக்கு மாறியது. 1897இல் நான்காவது குழந்தை, ஃப்ரீடா. அதன் பிறகும் அன்னிக்குக் கால் ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஒருமுறை வேலைக்காகக் குடும்பத்தை விட்டுக் கலிபோர்னியா போனார். பிள்ளைகளைத் தங்கிப் படிக்கும் பள்ளிகளுக்கு அனுப்பினார். மோலி போனது கத்தோலிக்கக் கன்னிமார் நடத்திய பள்ளிக்கு.

மோலி அங்கே மதம் மாறினாள். பிறகு கன்னியாஸ்திரீ ஆகி, கனடாவில் ஒரு மடத்தில் சேர்ந்தாள். ஆசாரமான யூதக் குடும்பத்தில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? உயிரோடு இருக்கும் மகளை இறந்தவளாகவே கருதி உறவை அறுத்துவிட்டார்கள். அம்மா ஒரு காலத்தில் தன் பெயரையும் மதத்தையும் வெளியே காட்டாமல் உலகம் சுற்றினாள். மகள் நிஜமாகவே பெயரையும் மதத்தையும் மாற்றிக்கொண்டாள். அம்மா திரும்பி வந்தபோது வீடு கதவைத் திறந்தது. மகளுக்குத் திறக்கவில்லை.

அன்னி வீட்டிலேயே இருந்திருந்தால் மோலி இப்படி ஆகியிருக்க மாட்டாள் என்று நான் சொல்லப்போவதில்லை. கன்னியாஸ்திரீ ஆவது ஒரு கெட்ட முடிவு என்றும் சொல்லவில்லை. அது மோலி எடுத்த முடிவு. தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும் குணம் அம்மாவிடமிருந்தே வந்திருக்கலாம். ஆனால் பயணத்தின் செலவுக் கணக்கில் மோலியையும் எழுத வேண்டும். 5,000 டாலர், 15 மாதம், ஒரு மணிக்கட்டு என்று மட்டும் எழுதினால் கணக்கு பாதிதான்.

வீட்டிலேயே மறந்துபோனவர்

அதன் பிறகு அன்னி தொழில்கள் நடத்தினார். நியூயார்க்கில் துணித் தொழில். 1920களில் அது தீயில் எரிந்துபோனது. வந்த காப்பீட்டுப் பணத்தை வைத்து மன்ஹாட்டனில் இன்னொரு தொழில். விழுந்தால் எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கிற ஆள், கடைசி வரை. 1947 நவம்பர் 11இல் இறந்தார். ஒரு காலத்தில் இரண்டு கண்டத்துப் பத்திரிகைகளில் முதல் பக்கம் பிடித்த பெண்ணின் மரணம் பெரிய செய்தி ஆகவில்லை.

இதைவிட ஆச்சரியம், சொந்தக் குடும்பத்துக்கே அவரைத் தெரியாமல் போனது. 1990களின் தொடக்கத்தில் சைக்கிள் வரலாறு தேடிய ஒருவர், பீட்டர் ஸுட்லினின் அம்மாவுக்குக் கடிதம் எழுதி அன்னியைப் பற்றி விசாரித்தார். அந்த அம்மா அப்படி ஒரு பெயரையே கேள்விப்பட்டதில்லை. பீட்டரும் சைக்கிள் ஓட்டுகிறவர், பத்திரிகைக்கு எழுதுகிறவர், அவருக்கும் தெரியாது. சில வருடம் கழித்துத் தேட ஆரம்பித்து, கடைசியில் ஃப்ரீடாவின் மகளை, அதாவது அன்னியின் பேத்தியைக் கண்டுபிடித்தார். அன்னி மேடைகளில் காட்டிய கண்ணாடிப் படச் சில்லுகள் அந்தப் பேத்தியிடம் பத்திரமாக இருந்தன. 2019இல் நியூயார்க் டைம்ஸ், தான் அந்தக் காலத்தில் கவனிக்காமல் விட்டவர்களுக்கு எழுதும் இரங்கல் வரிசையில் அன்னிக்கும் ஒன்று எழுதியது. இறந்து 72 வருடம் கழித்து. நெல்லி பிளை உலகம் சுற்ற எடுத்த 72 நாள் ஞாபகம் வந்தது எனக்கு.

ஏன் வீட்டில் மறந்தார்கள்? மோலியைப் பற்றிப் பேசக் கூடாது என்றால், மோலி ஏன் அந்தப் பள்ளிக்குப் போனாள் என்று பேச முடியாது. அதைப் பேச முடியாதென்றால் அம்மா எங்கெங்கே போனாள் என்பதையும் பேச முடியாது. ஒரு நூலை வெட்டினால் கூடவே நாலு நூல் அறுந்து போகும். இது என் ஊகம்தான். ஆனால் குடும்ப மௌனங்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்பது நம்ம வீடுகளிலும் பார்ப்பதுதானே.

அன்னி சாகசக்காரியா, புளுகுணியா, நல்ல அம்மாவா, கெட்ட அம்மாவா? ஏதாவது ஒண்ணை டிக் பண்ணச் சொல்லி கமெண்ட்ல சண்டை போடலாம். எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். ஒரு ஏழைக் குடியேறிப் பெண்ணோட உண்மையான பயோடேட்டாவுக்கு 1894ல எந்தக் கதவும் திறந்திருக்காது. அதனால பொய்யான ஒண்ணை எழுதினாங்க. ஆனா மிதிச்சது பொய்யில்ல. கையில முத்திரை குத்தின மாதிரி உடைஞ்ச எலும்பும் பொய்யில்ல. வீட்ல காத்துட்டிருந்தவங்களும் பொய்யில்ல.

அந்த அக்கா ஆன்சைட் போயிட்டு வந்தாங்க. பையன் இப்போ ஸ்கூல் போறான், நல்லா இருக்கான். நான் ஒரு நாள் அவங்ககிட்ட சாரி கேட்டேன். "எதுக்குடா?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு ஞாபகமே இல்ல. "எல்லாரும் கேட்டாங்க, நீ மட்டுமா?"ன்னு சிரிச்சாங்க.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்ல யாரைப் பத்திப் பேச்சு வந்தா டக்குனு டாபிக் மாத்துவாங்களோ, அந்தப் பாட்டியைப் பத்தி, அந்த அத்தையைப் பத்தி வீட்டுப் பெரியவங்க யார்கிட்டயாவது மெதுவா கேட்டுப் பாருங்க. எங்க போனாங்க, ஏன் போனாங்க, திரும்பி வந்தாங்களா, பின்னாடி யார் நின்னாங்கன்னு. கிடைச்சதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பேர் வேண்டாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.